பொதுச்சுவர்

அக்டோபர் கடைசியில்
ரேடியேட்டர்களின் குமிழ்களைத் திருகி மூடினோம்.
மூன்று அறை, மூன்று குமிழ்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு குட்டி மீட்டர்,
ராத்திரியிலும் கண் மூடாமல் எண்ணுகிற ஜந்து.
இனி எதை எண்ணும் பார்ப்போம் என்றான் பிளாமென்.
அவன் பெயருக்குத் தீக்கொழுந்து என்று அர்த்தம்.
இரண்டு ஸ்வெட்டருக்குள் நின்றுகொண்டு சொன்னான்.

யானாவின் பல்லுக்குக் கம்பி கட்ட
ஆயிரத்து எண்ணூறு லெவா.
தவணை கிடையாதாம்.

காப்பித்தூள் இரண்டு கரண்டி ஒன்றாயிற்று,
ஒன்று முக்காலாயிற்று,
பிறகு நேற்றைய வண்டலிலேயே இன்றைய வெந்நீர்.
பற்பசைக் குழலைக் கத்தரியால் வெட்டித் திறந்து
உள்ளே ஒட்டியதை வழித்தெடுத்தேன்,
இன்னும் நாலு நாள் வந்தது.
பாலாடைக்கட்டி நிறுக்கும்போது
கடைக்காரி தராசைப் பார்ப்பாள்
நான் அவள் கட்டைவிரலைப் பார்ப்பேன்.
கப்பல் பட்டறைக்கு பஸ்ஸை விட்டுவிட்டு
நாற்பது நிமிஷம் நடந்துபோனான் பிளாமென்.
ஜனவரியில் அவன் பூட்ஸ் வாய் பிளந்தது.
மிச்சம் பிடித்த டிக்கெட் காசு முழுவதும்
பூட்ஸ் தைக்கிறவனிடம் போய்ச் சேர்ந்தது.
அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை நான்.

ஆனால் பாருங்கள்,
பயந்த அளவுக்குக் குளிரவில்லை.
டான்யூபில் பனிப்பாளம் மிதந்துபோன வாரத்திலும்
படுக்கையறையில் பதினேழு டிகிரி.
உடம்பு பழகிக்கொள்ளும் என்று
ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன்.
வாயைக் கட்டினோம், வயிற்றைக் கட்டினோம்,
தோலையும் கட்டிவிட்டோம்
என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.
யானா தன் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.
பூனையும் அந்தச் சுவரில்தான் முதுகு சாய்த்துத் தூங்கும்.
அதற்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு ராலிட்சா
ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.
இடுப்பில் ஏழு மாதக் குழந்தை,
கையில் மடித்து மடித்து நைந்த பில்.
"ஒரே ஓர் அறையில்தான் போடுகிறேன்,
போயன் தூங்கும் அறையில்.
எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வருகிறது?
நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"
சொன்னேன்.
பற்பசையைச் சொன்னேன், வண்டலைச் சொன்னேன்,
காலுறைக்கு மேல் காலுறை போடச் சொன்னேன்.
கால் மணி நேரம் சொன்னேன்.
குழந்தை என் பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
சுவர் செத்துப்போயிற்று.
கை வைத்தால் வெறும் கல்.
காலையில் பதினொரு டிகிரி,
ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருந்தது,
பூனை அலமாரிக்கு மேல் ஏறிக்கொண்டது.
கீழ்வீட்டு ஸ்தோயானோவ்தான் சொன்னார்:
பில்லுக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடிவிட்டு
ராலிட்சா பிள்ளையோடு
ரஸ்கிராத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்,
பதினைந்து நாளாவது மிச்சமாகட்டும் என்று.

அன்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.
நவம்பர், டிசம்பர், ஜனவரி.
வெப்பம் என்ற கட்டத்தில் மூன்று சைபர்,
அடியில் நானே சிவப்பில் போட்ட கோடு.
இதில் அவளுடையது எவ்வளவு?
ரேடியேட்டருக்கு மீட்டர் வைத்தவர்கள்
சுவருக்கு வைக்கவில்லை.
பிளாமெனிடம் சொன்னேன்.
வெகுநேரம் பேசாமல் இருந்தான்.
"திருடினோம் என்று சொல்ல முடியாது" என்றான்.
பிறகு, "சொல்லலாமோ?" என்றான்.

அவள் திரும்பி வருவதற்கு முந்தின நாள்
அந்தச் சுவரோரக் குமிழைத் திறந்தோம்.
மூன்று வரைக்கும் திருகினோம்.
குழாய்க்குள் தண்ணீர் இருமிக்கொண்டு வந்தது.
யானாவுக்கு இந்த வருஷம்
மேல்வரிசைக்கு மட்டும் கம்பி.

ஏப்ரலில் அதே படியில் ராலிட்சா நிறுத்தினாள்.
முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.
மார்ச் பில் நாற்பது லெவா குறைந்திருக்கிறதாம்.
"நீங்கள் சொன்னபடியே செய்தேன்,
காப்பிகூட ஒரு கரண்டிதான்" என்று
என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கை கதகதப்பாக இருந்தது.
ஆமாம், காப்பியில்தான் நிறையப் போகிறது
என்றேன் நான்.